மணல் அள்ளப் போய் வைரம்

1908 ஏப்ரலில் சக்கரியாஸ் லெவாலாவுக்கு வேலை, தண்டவாளத்தில் ஏறும் மணலை அள்ளிக் கொட்டுவது. இன்றைய நமீபியாவில், அன்று ஜெர்மனியின் பிடியில் இருந்த மண்ணில், லூடரிட்ஸ் துறைமுகத்திலிருந்து நமீப் பாலைவனத்துக்குள் போன ரயில் பாதை அது. அள்ள அள்ளக் காற்று கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கும். அதற்கு நடுவில் ஒரு கல் மின்னியது. முன்பு தென்னாப்பிரிக்காவின் வைரச் சுரங்க ஊரான கிம்பர்லி பக்கம் வேலை பார்த்தவர் என்பதால் அது வைரம் என்று பிடித்துவிட்டார். கல்லை வாங்கிக்கொண்ட மேற்பார்வையாளர் ஆகஸ்ட் ஷ்டாவ்க் பெரும் பணக்காரர் ஆனார். லெவாலாவுக்குப் பேர்தான் மிச்சம்.

சரி, பூமிக்கு அடியில் 150 கிலோமீட்டர் ஆழத்தில் விளைகிற வைரம் மணல்மேல் எப்படி வந்தது? எரிமலைக் குழாய்கள் வழியாக மேலே வந்த பாறையை மழை அரித்தது, உள்நாட்டிலிருந்து ஆரஞ்சு ஆறு அதை அட்லாண்டிக்கில் கொண்டுபோய்ச் சேர்த்தது. தெற்கிலிருந்து சாய்வாக வந்து அடிக்கும் அலைகள் கற்களைக் கரையோரமாகவே வடக்கே தள்ளிக்கொண்டு போயின. விரிசல் விட்ட கற்கள் இந்தப் பயணத்தில் நொறுங்கிவிடும், அதனால் மிஞ்சியதில் பெரும்பகுதி நகைக்கு ஏற்ற நல்ல கல். கரைக்கு வந்த பிறகு வேலை காற்றுடையது. நம்ம ஊரில் முறத்தில் புடைப்பது போலத்தான்: மணல் பறந்துவிடும், கனமான பொடிக்கற்கள் தங்கிவிடும். வைரத்தின் அடர்த்தி 3.5, சாதா மணல் 2.65. தோண்டவே வேண்டாம், ஆட்கள் வரிசையாகத் தவழ்ந்து பொறுக்கினார்கள்.

அந்தப் பணத்தில் எழுந்த ஊர் கோல்மன்ஸ்கோப். குடிக்கத் தண்ணீர் கப்பலில் வந்த இடத்தில் ஐஸ் தொழிற்சாலை வைத்தார்கள்! மருத்துவமனையில் எக்ஸ்ரே கருவியும் இருந்தது, தொழிலாளி வைரத்தை விழுங்கிவிட்டாரா என்று பார்க்கவும் அது உதவியது.

ஆனால் அலை பெரிய கற்களை அவ்வளவு தூரம் தள்ளாது, வடக்கே போகப்போகக் கல் சிறுக்கும். 1928இல் ஆற்று முகத்துவாரத்தின் பக்கம் பெரிய கற்கள் கிடைத்ததும் ஜனம் அங்கே ஓடியது. 1956க்குள் ஊர் காலி. இப்போது பல வீடுகளில் அறைக்குள்ளேயே மணல்மேடு, பாதி புதைந்த கதவுகள் திறந்தபடி நிற்கின்றன.