கிருமி வந்தால் பயண ஆசை எங்கே போகிறது?

காட்பாடி ஜங்ஷனில் காலை நேரத்துக் கூட்டத்தைப் பார்த்தாலே, மனிதர்கள் எத்தனை காரணத்துக்காக ஊர் விட்டு ஊர் போகிறார்கள் என்பது தெரிந்துவிடும். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஃபைலும் எக்ஸ்ரே கவருமாக வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள், ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு ஆட்டோ பேரம் பேசுபவர்கள், கிரிவலத்துக்காகத் திருவண்ணாமலை வண்டியைத் தேடுபவர்கள், ஏலகிரி போக ஜோலார்பேட்டை ரயிலுக்கு நிற்கும் காலேஜ் பசங்க. 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்ததும் எல்லாருமே ஒரே மாதிரி நின்றுபோனார்கள். ஆனால் ஆசை எல்லாருக்கும் ஒரே மாதிரி நிற்கவில்லை.

பயணத்துக்குப் பின்னால் இரண்டு விசைகள் இருப்பதாக 1977இல் கிரஹாம் டான் என்ற சமூகவியலாளர் எழுதினார். ஒன்று நம்மை வீட்டிலிருந்து தள்ளுவது: சலிப்பு, களைப்பு, சொந்தபந்தத்தைப் பார்க்கும் ஏக்கம். இன்னொன்று போகிற இடம் இழுப்பது: மலை, கோயில், புதுமை. தொற்றுநோய் இந்த இரண்டையும் எதிரெதிராகத் திருப்பிவிடுகிறது. நாலு சுவருக்குள்ளேயே கிடந்தால் தள்ளுகிற விசை ஏறிக்கொண்டே போகும். இழுக்கிற விசையோ இறங்கும், ஏனென்றால் புது ஊர், புது முகம், கூட்டம் என்று எதற்காகப் போனோமோ அதுவே இப்போது பயம்.

அந்தப் பயம் சாவுக் கணக்கைப் பார்த்து வருவதில்லை. உளவியலாளர் பால் ஸ்லோவிக் 1987இல் காட்டியது இதுதான்: கண்ணுக்குத் தெரியாத, நம் கையில் இல்லாத, புதிதாக வந்த ஆபத்துக்கு மனம் அதிகம் நடுங்கும், பழகிய ஆபத்தைக் கண்டுகொள்ளாது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஹெல்மெட் இல்லாமல் பறக்கிறவர், பஸ்ஸில் பின் சீட்டில் யாரோ இருமினால் மட்டும் பதறிப்போவது அதனால்தான். இதற்கு அடியில் இன்னும் பழைய ஏற்பாடு ஒன்று இருக்கிறது, உளவியலாளர் மார்க் ஷாலர் அதை நடத்தை சார்ந்த நோய் எதிர்ப்பு அமைப்பு என்கிறார். கிருமி உடம்புக்குள் நுழையும் முன்பே அருவருப்பைக் கிளப்பி நம்மை விலக வைப்பது அதன் வேலை. மிளகாய் தாளித்த நெடிக்கே கத்துகிற தீ அலாரம் மாதிரி அது. தவறவிடுவதைவிட வீணாகக் கத்துவது மேல் என்றே பரிணாமம் அதை அமைத்திருக்கிறது. அதனால் வெளியூர்க்காரர் என்றாலே சந்தேகம் வருகிறது, போகிறவருக்கும் சரி, வரவேற்க வேண்டிய உள்ளூர்க்காரருக்கும் சரி.

ஆக, கேள்வி போவதா வேண்டாமா என்பதிலிருந்து எங்கே, யாரோடு, எந்த வண்டியில் என்று மாறுகிறது. தூரம் சுருங்குகிறது. சொந்த பைக், தெரிந்த ஆள், திறந்தவெளி: ஜவ்வாது மலை, ஏலகிரி மாதிரி இடங்களுக்கு இது தோது. உலகக் கணக்கில் 2019இல் சுமார் 146 கோடியாக இருந்த நாடு விட்டு நாடு போகும் சுற்றுலா, 2020இல் 40 கோடி அளவுக்கு விழுந்தது. விழுந்தது எண்ணிக்கைதான், ஆசை இல்லை. தடுக்கப்பட்ட ஒன்றின் மேல் ஆசை கூடும் என்று உளவியலாளர் ஜாக் பிரெம் 1966இலேயே சொல்லியிருந்தார், கதவு திறந்ததும் ஜனம் கிளம்பிய வேகத்துக்கு அதிலும் ஒரு பங்கு உண்டு.

சிகிச்சைக்கு வருகிறவர் கதை வேறு. கைக்குழந்தையின் இதயத்தில் ஓட்டை இருக்கும்போது கொரோனா பயம் இரண்டாவது பயம்தான். வேலூரில் மாட்டிக்கொண்ட நோயாளிகளும் கூட வந்தவர்களும் 2020 மே மாதம் காட்பாடியிலிருந்து சிறப்பு ரயில் விட்ட பிறகுதான் ஜார்க்கண்ட் திரும்ப முடிந்தது. ஆனாலும் இந்தப் பயணத்தில் ஒரு துண்டு நிஜமாகவே கழன்றுகொண்டது: ஊரடங்கு தொடங்கிய அதே மார்ச் 25 அன்று தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளும் வெளியாகின. ரிப்போர்ட்டைக் காட்டி மாத்திரையை மாற்றிக்கொள்ள மட்டும் இரண்டு நாள் ரயிலில் வந்தவர், போனிலேயே டாக்டரிடம் பேசிவிடலாம். அவருக்கு வேண்டியது பயணம் இல்லை, பதில்தான். கிரிவலத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. கார்த்திகை தீபத்தை டிவியில் நேரலையாகவே காட்டினார்கள், எல்லாரும் பார்த்தார்கள், தடை விலகியதும் பதினாலு கிலோமீட்டரும் பழையபடி நிரம்பிவிட்டது.