விற்றமின்: தவிட்டில் பிறந்த சொல்

காலபோகம் வெட்டி, நெல்லை அவித்துக் காயவைத்து மில்லுக்குக் கொண்டுபோனால் வன்னியில் எங்கேயும் ஒரே கேள்விதான்: "இன்னொருக்காத் தீட்டட்டோ?" போன மாசியில் மாங்குளம் பக்கம் ஒரு மில்லில் எனக்கு முன்னால் நின்ற ஐயா, "ஓம் தம்பி, நல்லா வெள்ளையா வரட்டும்" என்றார். அவருடைய தவிடு வேறு சாக்கில் கோழிக்குப் போனது. சேட்டுப் பையில் கிளினிக்கில் கொடுத்த விற்றமின் பி குளிசை அட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் குளிசைக்குப் பெயர் வந்ததே தவிட்டால்தான்.

கதை ஜாவாவில் தொடங்குகிறது. 1890 அளவில் அங்கே பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்த டச்சு மருத்துவர் எய்க்மனின் கோழிகளுக்குத் திடீரென்று கால் மடங்கியது. படையினரின் ஆஸ்பத்திரிக் குசினியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத்தான் அவை தின்றுகொண்டிருந்தன. பிறகு வந்த புதுச் சமையல்காரர், படைக்காரரின் சோறு ஊர்க் கோழிக்கு எதற்கு என்று நிறுத்திவிட்டார். தீட்டாத அரிசிக்கு மாறிய கோழிகள் எழும்பி நடந்தன. 1929 இல் எய்க்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. சமையல்காரருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பெரிபெரி என்பது நம் நாட்டுச் சொல். சிங்களத்தில் 'பெரி' என்றால் 'ஏலாது'. ஏலாது, ஏலாது என்று கால் சோர்ந்துபோகிற நோய் என்பதே அகராதிகள் சொல்லும் பொருள்.

அடுத்தது லண்டன். லிஸ்டர் நிறுவனத்தில் இருந்த போலந்துக்காரர் காசிமிர் ஃபங்க், தவிட்டிலிருந்து ஒரு சாற்றைப் பிரித்து, இதே நோய் கண்ட புறாக்களுக்குக் கொடுத்தார். அவை தேறின. 1912 இல் அந்தப் பொருளுக்கு அவர் வைத்த பெயர் 'விட்டமைன்'. இலத்தீனில் 'விட்டா' என்றால் உயிர்; 'அமைன்' என்பது நைதரசன் உள்ள ஒருவகைச் சேர்வை. இவ்வகைச் சத்துகளில் பல அமைன் அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. தேசிக்காயில் உள்ள விற்றமின் சி-யில் நைதரசனே கிடையாது. அதனால் 1920 இல் டிரமண்ட் என்பவர் ஆங்கில எழுத்துக்கூட்டலின் வாலான 'e'-யை வெட்டி, இப்போதைய உருவத்தைக் கொடுத்தார். ஃபங்குக்குச் சற்று முன்னரே ஜப்பானில் சுசுகி இதைத் தவிட்டிலிருந்து எடுத்து, நெல்லின் தாவரவியல் பெயரான 'ஒரைசா'வை ஒட்டி 'ஒரைசானின்' என்று பெயரிட்டிருந்தார். அது நிலைத்திருந்தால் இன்று நெல்லின் பெயரைச் சொல்லித்தான் குளிசை வாங்கியிருப்போம்.

நம் ஆட்களும் இந்தக் கதையில் வருகிறார்கள். 1900களின் தொடக்கத்தில் மலாயாவில், பச்சை வெள்ளையரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளருக்குப் பெரிபெரி வந்தது. புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழருக்கு வரவில்லை. பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார். காரணம் நம் வீட்டு முற்றத்துக் கிடாரத்தில் இருக்கிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள பி வகைச் சத்து நீரில் கரைந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடும். பிறகு தீட்டினாலும் கொஞ்சம் மிஞ்சும். மில்லில் நின்ற ஐயாவும் முழுக்க இழக்கவில்லை என்பது ஒரு ஆறுதல்.

சரி, எப்படி எழுதுவது? தமிழ்நாட்டில் வைட்டமின், விட்டமின் என்கிறார்கள். நாம் 'விற்றமின்' என்று எழுதுவது பிழையல்ல. நம் வாயில் 'ற்ற' நுனிநாக்கை மேலண்ணத்தில் ஒற்றிவரும் ஒலி, மீற்றர் என்று எழுதுகிறோமே அதுபோல. 'விற்ற மீனா?' என்று கேட்கிற சென்னை நண்பருக்கு இதை விளக்கி எனக்கு அலுத்துவிட்டது.

தமிழ்ச் சொல் உயிர்ச்சத்து. 'விட்டா'வுக்கு நேரே உயிர். அமைன் என்ற தவறான வாலுக்குப் பதிலாகச் சத்து. மூலத்தைவிடத் திருத்தமான பெயர்ப்பு என்பேன். சத்து வடசொல்தான், ஆனால் 'சத்தில்லாத சாப்பாடு' என்று எங்கள் ஆச்சிமாரே சொல்லிவந்த சொல்லை யாரும் வெளியே அனுப்ப வேண்டியதில்லை.

ஒரே தொல்லை, எல்லா நல்லதையும் உயிர்ச்சத்து என்று எழுதிவிடுகிறோம். குரக்கனின் பெருமை கல்சியம். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. ஆனால் அது கனியுப்பு. மொட்டைக்கறுப்பனிலும் பச்சைப்பெருமாளிலும் அரிசித்தோலுக்குச் சிவப்புத் தரும் பொருள், உடலில் ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் நிறப்பொருள் வகை. அதுவும் உயிர்ச்சத்தில் சேராது. இரண்டாம் முறை தீட்டும்போது அதுவும் கோழிக்குத்தான் போகிறது. முருங்கையிலையில் இருப்பது கரோட்டின். உடலுக்குள் போன பிறகே உயிர்ச்சத்து ஏ ஆகிறது.

தவிட்டில் இருக்கும் அந்த முதல் பொருளுக்கு இன்றைய பெயர் தயமின், அதாவது உயிர்ச்சத்து பி1. சோறு வடித்த கஞ்சியோடு அதில் ஒரு பங்கு போய்விடும். அதனால் அம்மா கஞ்சியை ஊற்றுவதில்லை, உப்புப் போட்டு ஆளுக்கொரு கோப்பை தந்துவிடுவார். எழுதும்போது உயிர்ச்சத்து என்றே எழுதுங்கள். பாமசியில் மட்டும் விற்றமின் என்று கேளுங்கள், இல்லாவிட்டால் அங்கே நிற்கிற பொடியன் முழிப்பான்.