கப்பில் கொதித்த ரெசின்

மர மேசை செய்ய எபாக்சி வாங்கினேன். ரெசின், ஹார்ட்னர் என்ற இரண்டு திரவங்களைக் கலந்தால் கெட்டியாக இறுகும் பொருள் அது. அதில் அரைக் கிலோவைக் கலந்து கப்பிலேயே விட்டுவிட்டு ஒரு ஃபோன் பேசப் போனேன். இருபது நிமிடத்தில் திரும்பி வந்து தொட்டால் கப் சுட்டது. கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் நெளிந்தது. உள்ளே இருந்தது மஞ்சளாகி, விரிசல் விட்டுப் புகைந்தது. அதே கலவையைத்தான் பலகைமேல் மெல்லிசாகத் தடவியிருந்தேன். அது மறுநாள் காலையிலும் லேசாகப் பிசுபிசுத்தது.

பெயின்ட் காய்வதும் ரெசின் இறுகுவதும் ஒன்றல்ல. பெயின்டிலிருந்து ஒரு திரவம் ஆவியாகிப் போகிறது. ரெசினில் நடப்பது வேதிவினை. ரெசின் மூலக்கூறின் இரு முனைகளிலும் இரண்டு கார்பன், ஒரு ஆக்சிஜன் சேர்ந்த சின்ன முக்கோண வளையம் உண்டு. இழுத்துக் கட்டிய வில் மாதிரி விறைப்பானது. ஹார்ட்னரில் உள்ள அமைன் என்ற நைட்ரஜன் சேர்மம் வந்து சேர்ந்ததும் வளையம் பிளந்து அதோடு பிணைந்துகொள்கிறது. அடைபட்டிருந்த ஆற்றல் வெப்பமாக வெளியே வருகிறது. இப்படிக் கோடிக்கணக்கான பிணைப்புகள் சேர்ந்து கெட்டியான வலையாகின்றன. 1946இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த அரால்டைட், நம் வீடுகளில் உடைந்ததை ஒட்டும் அந்த இரட்டை ட்யூப், இதே குடும்பம்தான்.

எனவே ஹார்ட்னரைக் கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் இறுகும் என்பது தவறு. ஃபைபர் கிளாஸ் வேலைக்கான பாலியெஸ்டர் ரெசினில் அது ஓரளவு பலிக்கும். இங்கே ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு ஜோடி வேண்டும். மிஞ்சியது ஜோடியில்லாமல் கிடக்கும், மேசை உறுதியில்லாமல் தொய்யும். தராசில் நிறுத்துக் கலப்பதே நல்லது. ஆனால் டப்பாவில் உள்ள விகிதம் எடைக்கா, கன அளவுக்கா என்று பார்த்துவிடுங்கள்.

இனி கப்புக்கு வருவோம். எபாக்சி வெப்பத்தை எளிதில் கடத்தாது. மெல்லிய படலத்தில் உண்டாகும் சூடு உடனே காற்றில் போய்விடும். கப்பில் நடுவிலேயே தேங்கும். சுமார் 10 டிகிரி ஏறினால் வினையின் வேகம் இரட்டிப்பாகும், வேகம் கூடினால் சூடு இன்னும் ஏறும். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் 25 டிகிரிக்கானது. நம் ஊர் மே மாதத்தில் அதில் பாதியை நம்பினால் போதும். 120 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 4 செ.மீ. ஆழமுள்ள பள்ளத்தை மேசைப் பலகையில் ரெசினால் நிரப்ப 9.6 லிட்டர் வேண்டும். மெல்லிசாகப் பூசுவதற்கான மேல்பூச்சு ரெசினை அதில் ஒரே மூச்சில் ஊற்றினால் கப்பின் கதைதான். ஆழமாக ஊற்றுவதற்கென்றே மெதுவாக வினைபுரியும் ரெசின் விற்கிறார்கள், அதை வாங்குங்கள். கப் சூடேறினால் வெளியே கொண்டுபோய் அகலமான தட்டில் பரப்புங்கள்.

கையுறை இல்லாமல் தொடவே வேண்டாம். இறுகாத எபாக்சி தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு சிறு துளி பட்டாலும் அரிக்கும். தோலில் பட்டதைத் தின்னரால் துடைக்கக் கூடாது, சோப்புதான்.

மரத்திடம் இன்னொரு குணம் இருக்கிறது. அதன் நுண்குழாய்கள் நிறையக் காற்று. காலையில் ரெசின் பூசினால், வெயில் ஏற ஏற அந்தக் காற்று விரிந்து குமிழியாக வெளியே வரும். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் எத்தனை முறை உடைத்தாலும் அடுத்தது வரும். அதனால் நன்றாகக் காய்ந்த வாகைப் பலகைக்கு முதல் பூச்சை மாலையில்தான் கொடுக்கிறேன். மரம் குளிரக் குளிர உள்காற்று சுருங்கும். தூரிகை போன இடமெல்லாம் ரெசின் உள்ளே இறங்கி, சற்று நேரத்தில் வெளிறிய திட்டுகள் தெரியும். அந்த இடங்களில் மட்டும் இன்னொரு கை தடவுவேன்.