மெடிகேர் அட்வான்டேஜ்: சேரும்போது திறந்திருக்கும் கதவு

"பிரீமியமே கிடையாதாம்மா. பல், கண் எல்லாம் சேர்த்துத் தர்றாங்களாம். அப்புறம் என்ன யோசனை?" இரண்டு வருடம் முன்பு ஒரு பெரியவர் என்னிடம் கேட்டது இது. அவருக்கு 65 வயது நிறைய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அமெரிக்காவில் அந்த வயதில் கிடைக்கும் அரசு மருத்துவக் காப்பீடுதான் மெடிகேர், அதையே தனியார் கம்பெனி வழியாக வாங்குவது மெடிகேர் அட்வான்டேஜ். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு டிவி விளம்பரத்தில் வந்த எண்ணைக் கூப்பிட்டு அட்வான்டேஜ் திட்டத்தில் சேர்ந்துவிட்டார்.

போன அக்டோபரில் அவர் மகன் அழைத்தார். அப்பாவுக்குப் புற்றுநோய். அவர்கள் போக நினைத்த மருத்துவமனை அந்தத் திட்டத்தின் நெட்வொர்க்கில், அதாவது அந்தக் கம்பெனி ஏற்கும் டாக்டர், மருத்துவமனைப் பட்டியலில், இல்லை. "அக்கா, அரசாங்க மெடிகேருக்கே மாறிட முடியுமா?"

நியூ ஜெர்சியில் இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருக்கும் எனக்கு மிகவும் வலிக்கும் கேள்வி இதுதான். மாறலாம், ஆனால் பாதிதான் மாற முடியும். ஏன் என்று சொல்கிறேன்.

அரசிடமே நேராக இருந்தால் (பார்ட் ஏ மருத்துவமனைக்கு, பார்ட் பி டாக்டருக்கு) மெடிகேர் ஏற்கும் எந்த டாக்டரிடமும், எந்த மாநிலத்திலும் போகலாம். ஆனால் பார்ட் பி செலவில் பொதுவாக 20 சதவீதம் நம்முடையது, அதற்கு உச்சவரம்பே கிடையாது. கீமோ மாதிரி சிகிச்சையில் அந்த 20 என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதை அடைப்பதற்காகத் தனியார் விற்பதுதான் மெடிகேப் பாலிசி. மருந்துக்கு பார்ட் டி தனியாக வாங்க வேண்டும்.

அட்வான்டேஜில் அரசு ஒரு தொகையைத் தனியார் கம்பெனிக்குக் கொடுத்துவிடும், உங்கள் சிகிச்சை அவர்கள் பொறுப்பு. ஆண்டுச் செலவுக்கு வரம்பு உண்டு. 2026-இல் நெட்வொர்க்குக்குள் அதிகபட்சம் 9,250 டாலர், பல திட்டங்களில் அதைவிடக் குறைவு. பதிலுக்கு, டாக்டர் பட்டியல் அவர்களுடையது, பல சிகிச்சைகளுக்கு முன் அனுமதியும் வாங்க வேண்டும். பிரீமியம் இல்லை என்றாலும் பார்ட் பி கட்டணம் (2026-இல் மாதம் 202.90 டாலர்) பெரும்பாலோர் கட்டியே ஆக வேண்டும். விளம்பரத்தில் இது பொடி எழுத்தில்தான் வரும்.

இப்போது அந்தக் கதவு. 65 வயதில் பார்ட் பி தொடங்கிய முதல் ஆறு மாதத்துக்குள் மெடிகேப் கேட்டால், எந்த நோய் இருந்தாலும் கம்பெனி மறுக்க முடியாது. அதற்குப் பிறகு பெரும்பாலான மாநிலங்களில் உடல்நிலையைக் கேட்பார்கள், மறுக்கலாம். பக்கத்திலுள்ள நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்களில் மட்டும் சட்டம் வேறு. 65-இல் முதன்முதலாகவே அட்வான்டேஜில் சேர்ந்தவருக்கு இன்னொரு சலுகை: 12 மாதத்துக்குள் மனம் மாறினால் திரும்பி வந்து மெடிகேப் வாங்கலாம். அந்தப் பெரியவருக்கு அந்த 12 மாதம் யாரும் நினைவூட்டாமலே போய்விட்டது. அதனால்தான் பாதி என்றேன்: அரசு மெடிகேருக்குத் திரும்பலாம், ஆனால் மெடிகேப்பை மறுத்துவிடலாம். நானும் ஒருமுறை கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். இப்போதெல்லாம் பத்தாவது மாதத்தில் நானே அழைத்துவிடுகிறேன்.

அட்வான்டேஜ் மோசம் என்று சொல்லவில்லை. மெடிகேப் பிரீமியம் மாதாமாதம் கட்ட முடியாதவர்களுக்கு, டாக்டர் எல்லாம் பக்கத்திலேயே அமைந்தவர்களுக்கு நானே எழுதிக் கொடுக்கிறேன்.

நம் வீடுகளில் தனியாகக் கேட்க வேண்டியது ஊர்ப் பயணம். பொங்கலுக்குப் போய் ஆடி வரைக்கும் இருந்துவிட்டு வருபவர்கள் கவனியுங்கள். திட்டத்தின் எல்லைக்கு வெளியே தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால், பொதுவாக அட்வான்டேஜிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அரசு மெடிகேர் இந்தியாவில் பொதுவாக எதுவும் கொடுக்காது. 'ஜி' போன்ற சில மெடிகேப் வகைகளில் பயணத்தின் முதல் 60 நாளில் வரும் அவசரச் சிகிச்சைக்கு, 250 டாலர் கழித்து 80 சதவீதம் கிடைக்கும், வாழ்நாள் வரம்பு 50,000 டாலர்.

பிள்ளைகள் அழைத்துவந்த பெற்றோர் என்றால் கணக்கே வேறு. கிரீன் கார்டோடு இங்கே தொடர்ந்து ஐந்து வருடம் இருந்திருக்க வேண்டும். இங்கே வேலை செய்யாதவர்கள் பொதுவாக பார்ட் ஏ-வுக்கும் பணம் கட்ட வேண்டும். ஏ, பி இரண்டும் இல்லாமல் அட்வான்டேஜில் சேர முடியாது.

எங்களுக்குக் கமிஷன் உண்டு, அதனால் என் பேச்சோடு நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் 'ஷிப்' என்ற இலவச ஆலோசனை உண்டு, அவர்கள் எதையும் விற்பதில்லை.

அந்த மகனோடு உட்கார்ந்து ஒவ்வொரு திட்டமாகப் பார்த்தோம். அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை திட்டம் மாற்றும் காலம் என்பதால், அவர்கள் கேட்ட மருத்துவமனை உள்ள வேறொரு அட்வான்டேஜ் கிடைத்தது. ஜனவரி 1 முதல்தான் அது செல்லும். முதல் மூன்று கீமோவைப் பழைய நெட்வொர்க்கிலேயே போட்டுக்கொண்டார்.