எந்த ரவுட்டர் வாங்கலாம்? ஃபிளாஷின் இரண்டு அடுக்குகளைப் பாருங்கள்

"நாலு ஆன்டெனா ரவுட்டர் வாங்கட்டுமா, ஆறு ஆன்டெனா வாங்கட்டுமா? எதில் ஓப்பன் டபிள்யூஆர்டி நன்றாக ஓடும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஓப்பன் டபிள்யூஆர்டி என்பது ரவுட்டரில் கம்பெனி போட்டுத் தந்த மென்பொருளுக்குப் பதிலாக நாமே போட்டுக்கொள்ளும் திறந்த மூல மென்பொருள் திட்டம். முதலில் ஆன்டெனா எண்ணுவதை விட்டுவிடுங்கள். வெளியே எத்தனை கொம்பு நிற்கிறது என்பதை வைத்து உள்ளே இருக்கும் சிப்பின் திறமையைச் சொல்ல முடியாது. ராசிக்கல் பார்த்து மோதிரம் வாங்குகிற நம்பிக்கைதான் இதுவும். சிப், ராம், ஃபிளாஷ் (கரண்ட் போனாலும் அழியாமல் மென்பொருளையும் அமைப்புகளையும் வைத்திருக்கும் நினைவகம்), இந்த மூன்றையும் பாருங்கள். கூடவே பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் வெர்ஷன் எண்ணையும்.

வெர்ஷன் எண்ணை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இந்தத் துறையின் பழைய கதையே அதுதான். 2002 கடைசியில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டரை விட்டது. அதற்குள் லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளம் ஓடுகிறது என்று 2003இல் நிரலாளர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிமம் ஜிபிஎல், அதை வைத்துப் பொருள் விற்றால் மூல நிரலையும் தர வேண்டும், எனவே அது வெளியே வந்தது. 2004இல் தொடங்கிய ஓப்பன் டபிள்யூஆர்டி அதிலிருந்து முளைத்ததுதான், பெயரிலேயே அந்த ரவுட்டர் இருக்கிறது. அப்புறம் 2005இல் அதே ரவுட்டரின் 5ஆம் வெர்ஷன் வந்தபோது ராம் 16 எம்பியிலிருந்து 8 ஆனது, ஃபிளாஷ் 4 எம்பியிலிருந்து 2 ஆனது, லினக்ஸ் போய் விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற மூடிய இயங்குதளம் வந்தது. பெட்டியில் பெயர் மட்டும் மாறவில்லை. இன்றும் அப்படித்தான்: டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6இல் 2ஆம் வெர்ஷனுக்குக் குவால்காம் சிப், 3ஆம் வெர்ஷனுக்கு மீடியாடெக்.

சிப் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். மீடியாடெக்கின் வைஃபை சிப்களுக்கு எம்டி76 என்ற திறந்த டிரைவர் (சிப்பை இயக்கும் நிரல்) லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே இருக்கிறது, நிம்மதியாக வாங்கலாம். பிராட்காம் வைஃபை இருந்தால் ஒதுங்கிவிடுங்கள், பெரும்பாலானவற்றுக்குச் சரியான திறந்த டிரைவர் கிடையாது.

சரி, இப்போது எனக்கு மிகப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ரவுட்டர்களில் இருக்கும் நார் வகை ஃபிளாஷுக்கு ஒரு குணம் உண்டு. அதில் 1ஐ 0 ஆக்குவது எளிது. ஆனால் ஒரே ஒரு 0வைத் திரும்ப 1 ஆக்க வேண்டுமென்றாலும் அது இருக்கும் தொகுதி முழுவதையும், பெரும்பாலும் 64 கேபி, மொத்தமாக அழித்தாக வேண்டும். ஒரு தொகுதி சுமார் ஒரு லட்சம் தடவைதான் அழிப்பைத் தாங்கும். வைஃபை கடவுச்சொல்லில் ஓர் எழுத்தை மாற்றப்போய் 64 கேபியை அழித்து எழுதும்போது கரண்ட் போனால்? பக்கத்தில் இருந்த கோப்புகளும் சேர்ந்து போய்விடும்.

இதற்கு ஓப்பன் டபிள்யூஆர்டி செய்திருக்கும் ஏற்பாட்டை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. ஃபிளாஷை இரண்டு அடுக்காகப் பிரிக்கிறார்கள். கீழே ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை, நன்றாக இறுக்கிச் சுருக்கப்பட்டது, படிக்க மட்டுமே முடியும். மேலே ஜெஎஃப்எஃப்எஸ்2 என்ற இன்னொன்று, அதில் எழுதவும் முடியும். ஓவர்லேஎஃப்எஸ் இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுகிறது, அச்சடித்த வரைபடத்தின் மேல் கண்ணாடித்தாளை வைத்து அதில் எழுதுவது மாதிரி. ஒரு கோப்பைக் கேட்டால் முதலில் மேல் அடுக்கில் தேடும், இல்லையென்றால் கீழே. மாற்றினால் கீழே இருப்பதை மேலே நகலெடுத்து நகலை மாற்றும். அழித்தால் கீழே ஒன்றும் அழியாது, "இது இல்லை" என்று மேலே ஒரு குறி மட்டும் விழும். மேல் அடுக்கு எழுதுகிற விதமும் அழகு: பழைய பதிவை அங்கேயே திருத்தாமல் புதிய பதிவைக் காலி இடத்தில் சேர்த்துக்கொண்டே போகும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. பாதியில் கரண்ட் போனால் அந்த அரைகுறைப் பதிவின் எண் பொருந்தாது, அதைத் தள்ளிவிட்டுப் பழையதையே எடுத்துக்கொள்ளும்.

ஃபயர்வாலைத் தப்பாக அமைத்து வெளியே மாட்டிக்கொண்டீர்களா? ரவுட்டர் தொடங்கும்போது சரியான நேரத்தில் பொத்தானை அழுத்தினால் மேல் அடுக்கைத் தொடாமல் கீழ் அடுக்கை மட்டும் வைத்து எழுந்திருக்கும், உள்ளே போய்ச் சரிசெய்யலாம். ஃபேக்டரி ரீசெட் என்பதும் மேல் அடுக்கை அழிப்பது மட்டும்தான். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. கூடவே வந்த ஒரு மென்பொருளை நீக்கினாலும் இடம் மிச்சமாகாது. அதைப் புதுப்பித்தால் பழையது கீழேயும் புதியது மேலேயுமாக இரண்டு மடங்கு இடம் பிடிக்கும். இப்படி இடம் இறுகுவதாலும், புதிய பதிப்புகளுக்கு ராம் போதாததாலும்தான் 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ராம் கொண்ட ரவுட்டர்களைத் திட்டக்காரர்களே கைவிட்டார்கள். 8 எம்பி ஃபிளாஷுக்கு 64 எம்பி ராம் என்பதும் இழுபறிதான். குறைந்தது 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ராம் பார்த்து வாங்குங்கள். 128 எம்பி நேண்ட் ஃபிளாஷ் (நாரைவிடக் கொள்ளளவு அதிகமான இன்னொரு வகை) கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். அங்கே மேல் அடுக்கு யூபிஐஎஃப்எஸ், ஆனால் ஏற்பாடு இதேதான்.

எனக்கு ஒரு ஆதங்கம். நல்ல வன்பொருள், நிறுவனம் அப்டேட் நிறுத்திய ஒரே காரணத்துக்காகக் குப்பைக்குப் போகிறது. அதற்கு உயிர் கொடுப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். டிஜிட்டல் திட்டங்களுக்கு அரசு செலவழிக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கு இந்த வேலைக்கு வந்தால் போதும். நம் பொறியியல் கல்லூரிகளில் ஒரு பழைய ரவுட்டருக்கு ஓப்பன் டபிள்யூஆர்டி ஆதரவு எழுதுவதை இறுதியாண்டு புராஜெக்ட்டாகக் கொடுத்தால் மாணவர்கள் கர்னலைக் கையால் தொட்டுக் கற்றுக்கொள்வார்கள்.

2024 நவம்பரில் அந்தத் திட்டமே ஓப்பன் டபிள்யூஆர்டி ஒன் என்று சொந்த ரவுட்டர் ஒன்றை வெளியிட்டது: 1 ஜிபி ராம், 256 எம்பி நேண்ட், அதோடு மீட்புக்கென்றே தனியாக 16 எம்பி நார் ஃபிளாஷ். நேண்டில் இருப்பது கெட்டுப்போனால் ஒரு சுவிட்சை நகர்த்தி நாரிலிருந்து எழுப்பலாம்.

வாங்குவதற்கு முன் ஒன்று: வீட்டுக்கு வருவது ஃபைபர் இணைப்பு என்றால், கம்பெனி கொடுத்த பெட்டியைக் கழற்றிவிட்டு இதை மாட்ட முடியாது, ஒளியை மின்குறிகையாக மாற்றும் வேலையை அது செய்கிறது. அதை பிரிட்ஜ் மோடில், அதாவது ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் முறையில், போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள், அதற்குப் பின்னால் உங்கள் ரவுட்டரை இணையுங்கள்.