விளையாடிக் கற்றல்: ‘அடிப்படையிலான’ எதற்கு?

சென்ற மாதம் தங்கை மகனை எல்.கே.ஜி.யில் சேர்ப்பதற்காக ஒரு பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். வாசலில் பெரிய பேனர். ‘இங்கு விளையாட்டு அடிப்படையிலான கற்றல் முறை பின்பற்றப்படுகிறது’ என்று எழுதியிருந்தது. பேரனை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: “ஏம்ப்பா, இதுங்களுக்கு இப்பவே விளையாட்டு ஷூ எல்லாம் வாங்கணுமா?”

அவர் கேட்டதில் தவறே இல்லை. அந்தப் பேனரைத் தமிழாகப் படித்தால் அப்படித்தான் பொருள் வரும். தவறு எழுதியவர் பக்கம். ஆசிரியர் கையேடுகளின் மொழிபெயர்ப்பைத் திருத்துவது என் வேலை. இந்தத் தொடரை எத்தனை முறை அடித்து எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அடுத்த கையேட்டில் திரும்பவும் வந்து உட்கார்ந்திருக்கும். இந்த முறை அந்த அம்மாவின் கேள்வியும் சேர்ந்துகொண்டதால் விரிவாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

‘பிளே பேஸ்டு லேர்னிங்’ என்பதுதான் மூலம். மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரையுள்ள பிள்ளை தன் விருப்பப்படி விளையாடுகிறது. அந்த விளையாட்டிலேயே பேச்சும் எண்ணும் பிறரோடு பழகும் விதமும் அதற்குப் பிடிபடுகின்றன. ஆசிரியர் இடமும் பொருளும் நேரமும் அமைத்துக் கொடுக்கிறார், தேவைப்பட்டால் ஒரு கேள்வி கேட்கிறார், மற்ற நேரம் விலகி நின்று கவனிக்கிறார். இதற்கு வேர் ஜெர்மனியில் இருக்கிறது. ஃபிரீட்ரிக் ஃப்ரோபெல் 1837-இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் சிறுபிள்ளைகளுக்காக ஒரு நிலையம் தொடங்கினார். 1840-இல் அதற்குக் ‘கிண்டர்கார்டன்’, அதாவது பிள்ளைகளின் தோட்டம், என்று பெயர் வைத்தார். கம்பளிப் பந்து, மர உருண்டை, உருளை, கனசதுரம் என்று அவர் பிள்ளைகள் கையில் கொடுத்த பொருள்களுக்குக் ‘கொடைகள்’ என்று பெயர். 1851-இல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களுக்குத் தடை போட்டது, 1860-இல்தான் நீக்கியது. இந்தியாவில் 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், 2022-இல் வந்த அடித்தள நிலைக் கலைத்திட்டமும் இந்தத் தொடரைப் பள்ளிதோறும் கொண்டுசேர்த்துவிட்டன. ஆனால் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி நடத்திய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, பிள்ளைகள் செய்வதை ‘வேலை’ என்றே சொன்னார். மாண்டிசோரி முறையையும் விளையாட்டையும் ஒரே பலகையில் எழுதும் பள்ளிகள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

சரி, சொல்லுக்கு வருவோம். விளையாட்டு என்பது விளை, ஆட்டு என்ற இரண்டும் சேர்ந்தது. விளை என்பதற்கு விருப்பம் என்று பொருள் கொண்டு, விரும்பி ஆடுவதே விளையாட்டு என்பார் சொல்லாராய்ச்சி அறிஞர் தேவநேயப் பாவாணர். தொல்காப்பியம் இந்தச் சொல்லை இரண்டு இடங்களில் அருமையாக ஆள்கிறது. உரியியலில் ‘கெடவரல் பண்ணை ஆயிரண்டும் விளையாட்டு’ என்கிறது. பண்ணை என்றால் அன்று விளையாட்டு, இன்று நமக்குக் கோழிப்பண்ணைதான் நினைவுக்கு வரும். மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் இடங்களாகச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்று நான்கைச் சொல்கிறது. புலன் என்பது அங்கே அறிவு. அறிவையும் விளையாட்டையும் ஒரே வரியில் வைத்து, இரண்டும் உவகை தருவன என்று சொன்ன மொழி இது. இந்தக் கருத்துக்குச் சொல் தேடி நாம் அலைய வேண்டியதே இல்லை.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் பிளே, கேம், ஸ்போர்ட் என்று மூன்று சொற்கள். நமக்கு மூன்றுக்கும் ‘விளையாட்டு’ ஒன்றே. விளையாட்டுத் துறை, விளையாட்டு வீரர், விளையாட்டுச் செய்திகள் என்று நாளிதழ்கள் பழக்கியதில், தனியே நிற்கும்போது அந்தப் பெயர்ச்சொல் மைதானத்துக்குப் போய்விட்டது. அந்த அம்மா ஷூ கேட்டது இதனால்தான். ‘விளையாட்டுக் கல்வி’ என்று எழுதினால் இன்னும் மோசம், உடற்கல்வி ஆசிரியரைத் தேடுவார்கள். ஆனால் ‘விளையாடு’ என்ற வினைச்சொல் அப்படிக் கெடவில்லை. “பாப்பா என்ன பண்ணுது?” “விளையாடிட்டிருக்கு.” இதைக் கேட்டு யாரும் பாப்பா கபடிப் போட்டிக்குப் போயிருப்பதாக நினைப்பதில்லை. மண்ணையோ சொப்பையோ வைத்துக்கொண்டு தன்பாட்டுக்கு ஏதோ செய்துகொண்டிருக்கிறது என்று எல்லாருக்கும் புரிகிறது. நமக்கு வேண்டிய பொருள் பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வினைச்சொல்லில் பத்திரமாக இருக்கிறது.

இப்போது ‘அடிப்படையிலான’. இது பெரிய நோயாகிவிட்டது. திறன் அடிப்படையிலான மதிப்பீடு, சான்று அடிப்படையிலான மருத்துவம், சமூக அடிப்படையிலான மறுவாழ்வு. ஆங்கிலத்தில் ‘பேஸ்டு’ என்று கண்டால் போதும், கை தானாக அடிப்படையிலான என்று தட்டிவிடுகிறது. நாள் கணக்கில் தரும் கூலியை நம் ஊரில் நாட்கூலி என்றார்கள், ‘நாள் அடிப்படையிலான கூலி’ என்று யாரும் சொன்னதில்லை. மழையை நம்பிச் செய்யும் விவசாயம் மானாவாரி, ‘மழை அடிப்படையிலான சாகுபடி’ இல்லை. இரண்டு சொற்களை ஒட்டவைத்தே உறவைச் சொல்லிவிடக்கூடிய மொழி தமிழ். அதற்கு நடுவில் எட்டெழுத்து முட்டுக்கட்டை வேண்டாம். பொருளிலும் பழுது உண்டு. அடிப்படை என்றால் அடித்தளம். அடித்தளத்தின் மேல் வேறொன்றைக் கட்டுவோம். விளையாட்டு கீழே கிடக்க, பாடம் அதன்மேல் எழும்புகிறது என்ற படம்தான் அந்தத் தொடரில் வருகிறது. நான் பார்த்த ஒரு வகுப்பிலும் அதுதான் நடந்தது. பிள்ளைகள் கைகட்டி வரிசையாக உட்கார்ந்திருக்க, ஆசிரியர் பெரிய பகடையை உருட்டினார். மேலே வந்த எழுத்தைப் பிள்ளைகள் சேர்ந்து சொன்னார்கள். பகடையை ஒரு பிள்ளையும் தொடவில்லை.

‘விளையாட்டுவழிக் கற்றல்’ என்பதோடுதான் எனக்கு உண்மையான வழக்கு. இது நல்ல தமிழ், சுருக்கமானது, நான் மதிக்கும் பலர் எழுதுவது. இதற்கு ஒரு முன்னோடியும் உண்டு. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுக்கப் பரவிய முறைக்குச் ‘செயல்வழிக் கற்றல்’ என்று பெயர் வைத்தார்கள். ஆசிரியர்கள் வாயிலும் அது நன்றாகவே ஊன்றிவிட்டது. அந்த அச்சில் வார்த்ததே விளையாட்டுவழி. பல ஆண்டுகள் நானும் அடிப்படையிலானவை அடித்துவிட்டு இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

மனம் மாறியது ‘தமிழ்வழிக் கல்வி’ என்ற தொடரை யோசித்தபோது. தமிழ்வழிக் கல்வி என்றால் என்ன? கணக்கும் அறிவியலும் தமிழை ஊடகமாகக் கொண்டு வருகின்றன. பாடம் வேறு, வழி வேறு. வழி என்பது கடந்து போவதற்கு, போய்ச் சேர வேண்டிய இடம் அப்பால் இருக்கிறது. விளையாட்டுவழி என்று சொன்ன உடனே விளையாட்டும் அப்படி ஒரு குழாய் ஆகிவிடுகிறது. ஒரு முனையில் ‘அ, ஆ’ ஊற்றினால் மறுமுனையில் பிள்ளையின் தலைக்குள் விழும். யார் விளையாடுகிறார் என்பதும் அதில் இல்லை. ஆசிரியர் பொம்மையை ஆட்டிக் காட்டினாலும் விளையாட்டுவழிதான், பகடையை அவரே உருட்டினாலும் விளையாட்டுவழிதான். அதனால்தான் இந்தத் தொடர் கொஞ்ச தூரம் போனதும் ‘விளையாட்டுவழிக் கற்பித்தல்’ என்று மாறிவிடுகிறது. கையேடுகளில் ஒரே பக்கத்தில் இரண்டும் மாறி மாறி வருவதைப் பார்க்கிறேன், எழுதியவருக்கு வேறுபாடு தெரிவதே இல்லை.

‘விளையாடிக் கற்றல்’ என்று எழுதிப் பாருங்கள். இதில் அந்த ஓட்டை அடைபட்டுவிடுகிறது. ‘விளையாடி’ போன்ற, செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலின், அதாவது அதைச் செய்பவரின், வினையைக் கொண்டே முடிய வேண்டும் என்பது தொல்காப்பியர் விதி. ‘முதனிலை மூன்றும் வினைமுதல் முடிபின’ என்பார். அதாவது விளையாடுபவர் யாரோ அவரேதான் கற்பவராகவும் இருக்க வேண்டும். ஆசிரியர் விளையாடி, பிள்ளை கற்றல் என்று இந்தத் தொடரை வளைக்கவே முடியாது. ஒரு கல்விமுறையின் உயிர்நிலையை ஓர் இலக்கண விதி தானாகக் காவல் காக்கிறது. இதைவிட நல்ல சொல் நமக்கு எப்படிக் கிடைக்கும்?

முதலில் விளையாடிவிட்டுப் பிறகு கற்பது என்று பொருள்படாதா என்று ஒரு நண்பர் கேட்டார். ‘ஓடி வந்தான்’ என்றால் முதலில் ஓடிவிட்டுப் பிறகு வந்தான் என்றா கொள்கிறோம்? ‘சிரித்துப் பேசினாள்’ என்பதும் அப்படித்தான். வந்த விதம் ஓட்டம், பேசிய விதம் சிரிப்பு. ‘விளையாட்டாய்க் கற்றல்’ போதுமே என்றும் சிலர் சொல்வார்கள். அது கூடாது. “விளையாட்டாச் சொன்னேன்” என்றால் மெய்யாகச் சொல்லவில்லை என்று பொருள். பெற்றோரின் பயமே அதுதானே. இந்தப் பயத்துக்கு அஞ்சி ‘மகிழ்ச்சியான கற்றல்’ என்று மாற்றி எழுதுகிறவர்களையும் நான் ஏற்கவில்லை. விளையாட்டில் ஆழ்ந்த பிள்ளை பெரும்பாலும் சிரித்துக்கொண்டிருப்பதில்லை.

எங்கள் தெருமுனை அங்கன்வாடியில் ஒரு காலை நேரம் நின்று பார்த்தேன். நாலு வயதுச் சிறுமி இரண்டு கொட்டாங்கச்சியைக் கயிற்றில் கட்டிய தராசில் புளியங்கொட்டை விற்றுக்கொண்டிருந்தாள். வேப்பிலைதான் ரூபாய். ஒரு பையன் நாலு இலை கொடுத்தான். அவள் ஒரு தட்டில் கல்லை வைத்து மறுதட்டில் கொட்டையை அள்ளிப் போட்டாள். தட்டு சாய்ந்தது. இரண்டு கொட்டையை எடுத்தாள், இந்தப் பக்கம் சாய்ந்தது. ஒன்றைத் திரும்பப் போட்டாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, நாக்கை உதட்டோரம் நீட்டிக்கொண்டு, தட்டுகள் நேராக நிற்கும் வரை இப்படியே செய்தாள். பையன் பொறுமை இழந்து, “சும்மாக்காச்சுந்தானே, குடு” என்றான். “சரியா இல்லடா” என்று மட்டும் சொன்னாள், தலை நிமிரவில்லை. டீச்சர் பத்தடி தள்ளிக் கீரை ஆய்ந்துகொண்டே இதைப் பார்த்துக்கொண்டிருந்தார், எழுந்து வரவில்லை. அந்தச் சிறுமி அந்த நேரத்தில் செய்தது விளையாடிக் கற்றல். அதில் எங்கே அடிப்படை, எங்கே வழி?

இந்தக் குடும்பத்தின் மற்ற சொற்களும் இதே கதியில்தான் இருக்கின்றன. பிள்ளை தன் போக்கில் விளையாடுவதைக் ‘கட்டற்ற விளையாட்டு’ என்கிறார்கள், மனம்போல் விளையாடல் என்றால் பாட்டிக்கும் புரியும். பெரியவர் கூடச் சேர்ந்து மெல்லத் திசை காட்டுவதற்கு ‘வழிகாட்டப்பட்ட விளையாட்டு’ என்று எழுதுகிறார்கள். தமிழில் யாரும் பேசாத செயப்பாட்டுவினை அது. உடன் விளையாடல் என்று சொல்லிவிடலாம். ‘பொம்மை அடிப்படையிலான கற்பித்தல்’ என்று ஒன்று வந்திருக்கிறது. மூலத்தில் உள்ளது பொம்மை மட்டும் இல்லை, பம்பரமும் சொப்பும் மரக்கட்டையும் எல்லாம். வீட்டில் நாம் சொல்வது விளையாட்டுச் சாமான். கற்றலைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரே ஒரு நாள் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டுவிட்டு மேசைக்கு வந்தால் இந்தச் சொற்களில் பாதி எழுதப்பட்டே இருக்காது. கிண்டர்கார்டனுக்கு மட்டும் நாம் குறைபட ஒன்றுமில்லை. மழலையர் பள்ளி நல்ல சொல், இலங்கையில் முன்பள்ளி என்கிறார்கள், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பாலர் பள்ளி. மூன்றும் வாழட்டும்.

அப்புறம், அச்சிடுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘விளையாடி கற்றல்’ என்று ஒற்றை விட்டுவிடாதீர்கள். இகரத்தில் முடியும் வினையெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகும். ஓடிப் போனான், தேடிக் கண்டான், விளையாடிக் கற்றாள். பேனரில் இடம் போதவில்லை என்றால் ‘முறை பின்பற்றப்படுகிறது’ என்பதை எடுத்துவிட்டு, ‘இங்கே பிள்ளைகள் விளையாடிக் கற்கிறார்கள்’ என்று எழுதுங்கள். க் இருக்கட்டும்.