காட்டேஜ்: குடிலா, துச்சிலா?

பழமை மாறாத மலையூர் ஒன்றில் நாலைந்து நாள் தங்குவதற்கு வீடு தேடும் எவரும் முதலில் எதிர்கொள்ளும் சொல் காட்டேஜ். ஓடு வேய்ந்த சாய்கூரையும் கருங்கல் சுவரும் கொண்ட ஓரறை வீட்டுக்கும் அதே பெயர். ஐந்தாறு படுக்கையறைகளோடு சரிவில் பரந்து நிற்கும் பெரிய வீட்டுக்கும் அதே பெயர். அண்மையில் நான் குடும்பத்தோடு தங்கிய வீடு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. வாயில்நிலை தாழ்வாக இருந்ததால் குனிந்தே நுழைய வேண்டியிருந்தது. கூடத்துக் கணப்பின் கற்கள் பல தலைமுறைப் புகையேறிக் கறுத்திருந்தன. அதன் பக்கத்தில் பிளந்த விறகை அடுக்கி வைத்திருந்தார்கள். சமையலறைக் கதவின் உட்புறத்தில் வீட்டுக்காரர் ஒட்டியிருந்த அறிவிப்புத் தாளில், அந்த ஒரே கட்டடம் முதல் வரியில் காட்டேஜ் என்றும், நடுவில் குடில் என்றும், முடிவில் வீடு என்றும் குறிக்கப்பட்டிருந்தது. அவர் தடுமாறியதில் வியப்பில்லை. தமிழில் இந்தச் சொல்லுக்கு நாம் இன்னும் ஒரு நிலையான பெயரை உறுதி செய்யவில்லை.

காட்டேஜ் என்னும் ஆங்கிலச் சொல்லின் அடி 'காட்' என்பதாகும். பழைய ஆங்கிலத்தில் அது சிறு குடிசையைக் குறித்தது. அத்துடன் பிரெஞ்சு வழி வந்த 'ஏஜ்' என்னும் விகுதி சேர்ந்தபோது, குடிசையும் அதைச் சார்ந்த சிறு நிலமும் அடங்கிய உடைமை என்னும் பொருள் உண்டாயிற்று. அந்த உடைமையில் வாழ்ந்தவர்கள் வசதி படைத்தவர்கள் அல்லர். இங்கிலாந்தில் 1086-இல் எடுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலக் கணக்கெடுப்பில், நிலவுடைமையாளருக்கு உழைப்பைக் கொடுத்து அதற்கு ஈடாகக் குடிசையும் துண்டு நிலமும் பெற்ற எளிய குடியானவர்கள், இந்த அடிச்சொல்லிலிருந்து பிறந்த பெயராலேயே தனி வகுப்பாகப் பதிவு செய்யப்பட்டனர். முதலாம் எலிசபெத் காலத்தில், 1589-இல் நிறைவேறிய சட்டமொன்று நான்கு ஏக்கர் நிலம் சேராத காட்டேஜைக் கட்டக் கூடாது என்று விதித்தது. 1775-இல் நீக்கப்படும்வரை அச்சட்டம் ஏட்டில் இருந்தது. ஏழையின் கூரை என்பதே அத்தனை நூற்றாண்டுகளாக அச்சொல்லின் பொருள் என்பதற்கு இவை போதிய சான்று.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பொருள் தலைகீழாகத் திரும்பத் தொடங்கியது. நாட்டுப்புற எளிமையின் மேல் செல்வர்களுக்கு மோகம் பிறந்தது. புல்வேய்ந்த கூரை, வளைந்த மரத்தூண், சுவரில் படரும் கொடி ஆகியவற்றோடு குடிசைபோலத் தோன்றும் வீடுகளைத் தம் ஓய்வுக்கென்று கட்டிக்கொண்டார்கள். உழவனுக்கு வேறு போக்கிடம் இல்லாத இல்லம், செல்வனுக்குப் போய்வரும் இல்லமாயிற்று. அமெரிக்காவின் நியூபோர்ட் நகரில் 1893 முதல் 1895 வரை கட்டப்பட்ட 'தி பிரேக்கர்ஸ்' என்னும் மாளிகையில் எழுபது அறைகள் உள்ளன. வாண்டர்பில்ட் குடும்பத்தினரின் அந்தக் கோடைக்கால இல்லத்தையும் அக்காலத்தவர் காட்டேஜ் என்றே அழைத்தனர். கனடாவின் பல பகுதிகளில் ஏரிக்கரையில் உள்ள விடுமுறை வீட்டுக்கு இன்றும் அதுவே பெயர். எனவே மலையூரில் ஆறு அறை வீட்டின் பலகையில் அச்சொல்லைக் காணும்போது, பெயர் வைத்தவர் பிழை செய்துவிட்டதாக எண்ண வேண்டியதில்லை; சொல் அவரிடம் வந்து சேர்வதற்கு முன்பே அளவைக் குறிக்கும் வேலையை விட்டுவிட்டது.

ஒலி ஒப்புமையை மட்டும் வைத்து 'காட்' என்பதும் நம் குடிசையும் ஒரே வேர் என்று சிலர் சொல்வதுண்டு. அதை ஏற்பதற்கில்லை, ஆங்கிலச் சொல் ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆயினும் படுக்கையைக் குறிக்கும் இன்னொரு 'காட்' ஆங்கிலத்தில் உண்டு. அது இந்தியில் உள்ள 'காட்' என்பதிலிருந்து சென்றது. அதன் மூலமான வடசொல்லைத் தமிழின் கட்டிலோடு உறவுடையதாக மொழியியலாளர் பலர் கருதுகின்றனர். உறவு தேட வேண்டுமானால் அங்கேதான் தேட வேண்டும்.

இனித் தமிழ் நிகரைப் பார்ப்போம். பலரும் உடனே எடுத்துக்கொள்வது குடில். குடி என்னும் அடியிலிருந்து குடில், குடிசை, குடிகை எனப் பல வடிவங்கள் கிளைத்துள்ளன. ஆங்கிலச் சொல்லின் தொடக்கப் பொருளுக்கு இவை மிக நெருங்கியவை. இன்னும் பழைய சொல் குரம்பை. குறுநில மன்னனாகிய நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்கள் வழியிலுள்ள 'புல்வேய் குரம்பை'தோறும் உணவு பெறுவர் என்று மலைபடுகடாம் கூறுகிறது. அக்குரம்பைகள் அங்கேயே பிறந்து வாழ்ந்தவர்களின் வீடுகள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். வந்தவன் விருந்தினன், வீடு அவனுக்கு உரியதன்று, சில நாளுக்குக்கூட அவன் பொறுப்பில் விடப்பட்டதும் அன்று. குடிலும் குரம்பையும் கட்டடத்தின் எளிமையைச் சொல்கின்றனவே தவிர, தங்குவதன் இயல்பைச் சொல்வதில்லை.

விடுதி என்று வைத்துக்கொண்டால் என்ன என்ற கேள்வி எழலாம். அது பல அறைகளும் பணியாளர்களும் கொண்ட இடத்துக்கு நிலைத்துவிட்டது. அங்கே நமக்குக் கிடைப்பது ஓர் அறையின் சாவி. ஹோம்ஸ்டே என்பது வீட்டுக்காரர் தாமும் வாழும் வீட்டில் இடம் பெறுவது. அதற்கு இல்லத் தங்கல் என்பது பொருந்தும். காட்டேஜிலோ முழு வீட்டின் சாவியும் நம் கைக்கு வருகிறது. அடுப்பு நம்முடையது, கணப்பு நம்முடையது, இரவில் வெளிக்கதவைத் தாழிட வேண்டியவரும் நாமே. ஆனால் இவையனைத்தும் குறித்த நாள்வரை மட்டுமே. சொந்த வீட்டின் தனிமையும் வழிப்போக்கின் தற்காலிகமும் ஒன்றாகச் சேர்ந்த இந்த நிலைக்குத்தான் பெயர் தேவைப்படுகிறது.

அதற்குரிய சொல் திருக்குறளில் இருக்கிறது. நிலையாமை அதிகாரத்தின் இறுதிக் குறள் இது:

புக்கில் அமைந்தின்று கொல்லோ உடம்பினுள்
துச்சில் இருந்த உயிர்க்கு.

உடம்புக்குள் ஒதுங்கித் தங்கியிருந்த உயிருக்கு, நிலையாகப் புகுந்து வாழ ஓர் இல்லம் இன்னும் அமையவில்லையோ என்று வள்ளுவர் கேட்கிறார். புக்கில் என்பது புகுந்து நிலையாக இருக்கும் வீடு. துச்சில் என்பது சில காலம் ஒதுங்கியிருக்கும் வீடு. இரண்டின் இறுதியிலும் இல் என்பதே நிற்பதால், இரண்டும் வீடுகளே என்பது தெளிவு. தங்கும் கால அளவை மட்டும் கொண்டு இல்லங்களை இப்படி இரண்டாகப் பிரித்துப் பெயரிட்ட மொழி, விடுமுறைக்கு எடுக்கும் வாடகை வீட்டுக்குச் சொல் இல்லாமல் தவிப்பது எனக்கு மனவருத்தம் தருகிறது. துச்சில் சிறியதாகவும் இருக்கலாம், எழுபது அறை கொண்டதாகவும் இருக்கலாம். கல்லால் கட்டியதாயினும் மரத்தால் கட்டியதாயினும் தடையில்லை. காட்டேஜ் என்னும் சொல் இன்று செய்யும் வேலையை அது ஒரு குறையும் இன்றிச் செய்யும்.

பழஞ்சொல்லை மக்கள் ஏற்கத் தயங்குவார்கள் என்று எண்ணுவோர் தங்குமனை என்று எழுதலாம். கேட்டவுடன் விளங்கும் சொல் அது. விடுமுறை இல்லம் என்பது, சொந்தக்காரர் தம் ஓய்வுக்காகவே வைத்திருக்கும் வீட்டையும் குறித்துவிடுவதால், வாடகை வீட்டுக்கு முழுதும் பொருந்தவில்லை. உண்மையிலேயே சிறிதாக, தனித்து நிற்கும் ஓரறை வீட்டைக் குடில் என்பதில் தவறில்லை.

ஊருக்கும் இதேபோலப் பழைய பெயர் உண்டு. குறிஞ்சி நிலத்து ஊர்களை நம் இலக்கணம் சிறுகுடி என்றும் குறிச்சி என்றும் வழங்குகிறது. மலைவாசஸ்தலம் என்று நீட்டி எழுதும் இடத்தில், சிறிய மலையூராயின், சிறுகுடி என்றே எழுதலாம்.

புழக்கத்தில் இவை எப்படி நிற்கும் என்று பார்ப்பதற்கு, ஊர் திரும்பியபின் அந்தச் சமையலறை அறிவிப்பின் முதல் வரியை நானே மாற்றி எழுதிப் பார்த்தேன்: 'துச்சிலை விட்டுச் செல்லுமுன் கணப்பிலுள்ள நெருப்பை முழுதும் அவித்து, பின்கதவைத் தாழிட்டு, சாவியை வாயில்நிலையின் உட்புற ஆணியில் மாட்டவும்.'